வருசத்துக்குப் பதினைந்து நாள்

வியாழன் இரவு, கம்பம்

மூட்டை கட்டி முடிக்க மணி பதினொன்று ஆகிவிட்டது. திராட்சை மண்டிக்குப் பின்னால் இருக்கும் கூடத்தில் 140 பைகள் சுவரோடு சுவராக நிற்கின்றன. கேரள எல்லை தாண்டி, வண்டிப்பெரியாறு பக்கம், முதலாளி கைவிட்டுப் போன ஒரு தேயிலைத் தோட்டத்துக்கு நாளை கொண்டுபோகிறோம். ஒவ்வொன்றிலும் இரண்டு கிலோ துவரம்பருப்பு, ஒரு லிட்டர் கடலை எண்ணெய், மிளகாய்த்தூள், மஞ்சள்தூள், சீரகம், சர்க்கரை, சோப்பு. தனியாக 60 தார்ப்பாய்கள், கம்பளிகள், பெண்களுக்கான நாப்கின் பெட்டிகள்.

அரிசி வாங்கவில்லை. முதலில் அரிசிதான் பேச்சாக இருந்தது. நிவாரணம் என்றாலே நமக்கு அரிசி மூட்டைதானே கண்ணில் வருகிறது. எதற்கும் கேட்டுவிடுவோம் என்று அந்தத் தோட்டத்தில் இருக்கும் பழைய யூனியன்காரர் ஒருவருக்குப் போன் போட்டேன். "ரேசன்ல மஞ்ச அட்டைக்கு மாசம் 35 கிலோ வந்துருதும்மா. சோறு வெந்துரும். தொட்டுக்கத்தான் ஒண்ணுமில்ல" என்றார். பிறகு கொஞ்சம் தயங்கி, "முடிஞ்சா தேயிலைத் தூள் கொண்டாங்க" என்றார். மூன்று தலைமுறையாகத் தேயிலை பறித்த லயத்தில், அந்தத் தொழிலாளர் வரிசை வீடுகளில், பாலில்லாத கட்டன் டீ போடத் தூள் இல்லை. ஆளுக்கு அரைக்கிலோ சேர்த்துவிட்டோம்.

நாங்கள் எட்டுப் பேர். ஓய்வுபெற்ற நர்ஸ் அக்கா, மண்டியில் எடை போடும் இரண்டு தம்பிகள், தகரக்கூரை வேலை தெரிந்த ஒரு அண்ணன், கல்லூரிப் பிள்ளைகள் மூவர், பிறகு நான். ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறேன். ஆடித் தள்ளுபடி நேரத்தில் நான்கு நாள் விடுப்பு தந்த முதலாளிக்கு நன்றி சொல்ல வேண்டும். என் பெரியம்மா அந்தப் பக்கம் வாக்கப்பட்டுப் போனவர், லயத்திலேயே இறந்தவர். கோடை விடுமுறைகளில் அவர் வீட்டில் கிடந்திருக்கிறேன். இந்தப் பயணத்துக்கு நான் கிளம்ப அது ஒரு காரணம்.

தோட்டத்தின் பெயரை எழுதப் போவதில்லை. அங்கிருப்பவர்கள் இன்னும் வழக்கு நடத்திக்கொண்டிருக்கிறார்கள்.

வெள்ளி, வண்டிப்பெரியாறு

விடிகாலை ஐந்துக்குக் கிளம்பினோம். அந்த நேரத்தில் கம்பம், கூடலூர் சாலையில் ஜீப்புகளைப் பார்க்க வேண்டும். குமுளி, வண்டன்மேடு பக்கம் ஏலத்தோட்ட வேலைக்குப் போகும் பெண்கள், தலையில் துண்டும் மடியில் தூக்குவாளியுமாக, ஒருவர் மேல் ஒருவர் உட்கார்ந்து போகிறார்கள். இவர்கள் மாலையில் வீடு திரும்பிவிடுவார்கள். நாங்கள் பார்க்கப் போகிறவர்களின் பாட்டன் பூட்டன் சங்கரன்கோவில், தென்காசிப் பக்கமிருந்து, தோட்டத்துக்கு ஆள் சேர்க்கும் கங்காணி பின்னால் மலையேறியவர்கள். திரும்பவில்லை.

லோயர்கேம்ப்பில் பென்னிகுவிக் மண்டபத்துக்கு எதிரே டீ குடித்துவிட்டு மலையேறினோம். இரைச்சல் பாலம் தன் பெயருக்கேற்ற சத்தத்தோடு இருந்தது. 1895-ல் கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணையின் தண்ணீர் மலையைக் குடைந்து இப்படி நம் பக்கம் இறங்குகிறது. எங்கள் வயலும் திராட்சையும் அதில்தான். அந்தத் தண்ணீருக்காக 2011 கடைசியில் இந்த எல்லையே மூடிக் கிடந்தபோது, மேலே இருந்த தமிழர்கள் எவ்வளவு பயந்திருப்பார்கள் என்று அன்றைக்கு நாங்கள் யோசித்தோமா? எங்கள் கூட்டங்களில் அணையைப் பற்றித்தான் பேசினோம். எனக்கு அது இன்னும் உறுத்துகிறது.

குமுளி சோதனைச்சாவடியில் ஒரு மணி நேரம் போனது. அங்கிருந்து வண்டிப்பெரியாறு சுமார் 13 கிலோமீட்டர். கடைப் பலகையில் மலையாளம், கடைக்குள் பேச்சு தமிழ். 1956 நவம்பர் 1-ஆம் தேதி மாநிலங்களைப் பிரித்தபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு போயின. இங்குள்ளவர்கள் ஊரை விட்டு எங்கும் நகரவில்லை. கோடுதான் அவர்களைத் தாண்டிப் போனது.

டவுனிலிருந்து தோட்டத்துக்கு நாங்கள் கொண்டுவந்த குட்டியானை லோடு வண்டி ஏறாது. சாமான்களை இரண்டு ஜீப்புக்கு மாற்றி, உருளைக்கல் பாதையில் முக்கால் மணி நேரம். மழை நிற்கவே இல்லை. நம் ஆடி இங்கே கர்க்கடகம். கள்ளக் கர்க்கடகம் என்றும் சொல்வார்கள், வேலையும் விளைச்சலும் இல்லாமல் வயிறு காயும் மாதம் என்று.

பைகளைக் கொடுப்பது அரைமணி வேலை. பெயர் வாசித்தோம், வந்தார்கள், வாங்கினார்கள். யாரும் முண்டியடிக்கவில்லை. போட்டோ எடுக்க வேண்டாம் என்று முன்பே முடிவு செய்திருந்தோம்.

லயத்தைப் பற்றித்தான் எழுத வேண்டும். ஒரு நீளக் கட்டடம், எட்டு வீடுகள். ஒரு வீடு என்பது ஓர் அறை, ஓர் அடுப்படி, முன்னால் ஒரு திண்ணை. இரண்டு வீட்டுக்கு நடுவில் இருக்கும் சுவர் கூரை வரை போகாது, அந்த வீட்டு இருமல் இந்த வீட்டுக்குக் கேட்கும். தகரம் துருப்பிடித்துச் சல்லடையாகிவிட்டது. வீட்டுக்குள் நான்கு பாத்திரம், ஒரு வாளி, ஒரு குழந்தைக் குளியல் தொட்டி, எல்லாவற்றிலும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. பின்சுவர் வெளியே சாயாமல் இருக்க மரக்கம்பு முட்டுக் கொடுத்திருக்கிறார்கள்.

"பஞ்சாயத்துல கேக்கலையா?" என்றேன்.

"இது கம்பெனி இடமாம் தாயி. பஞ்சாயத்து காசு போடக்கூடாதாம். கம்பெனி எங்க இருக்குன்னு எங்களுக்கே தெரியல" என்றார் ஓர் ஆச்சி.

1951-ல் வந்த தோட்டத் தொழிலாளர் சட்டம் வீடு, ஆஸ்பத்திரி, குடிதண்ணீர், பிள்ளைக்காப்பகம், பள்ளி எல்லாம் தோட்டத்து முதலாளியின் பொறுப்பு என்றது. நல்ல சட்டம்தான். முதலாளி விட்டுவிட்டுப் போய்விட்டால், அதே சட்டம் சொன்ன கூரை ஒழுகும்போது யார் கதவைத் தட்டுவது?

இரவு பிள்ளைக்காப்பகத்தில் படுத்தோம். நாங்கள் மட்டுமில்லை. மழை வலுத்ததும் மேட்டு லயத்திலிருந்து பதினைந்து பேர் பாயோடு வந்துவிட்டார்கள். 2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறு பக்கம் பெட்டிமுடியில் மலை இறங்கி லயங்களோடு 70 பேர் போனதிலிருந்து இப்படித்தானாம். பெரியவர்கள் தூங்கவில்லை. தகரத்தில் மழைச் சத்தம் மாறும்போதெல்லாம் ஒருவர் எழுந்து கதவைத் திறந்து மேட்டைப் பார்த்துவிட்டு வந்தார்.

சனி

காலையிலிருந்து கூரைக்கார அண்ணனும் தம்பிகளும் தார்ப்பாய் கட்டினார்கள். மேலே விரித்துக் கல் வைத்தால் காற்று தூக்கிவிடும். தகரத்துக்கு அடியில் கொடுத்து, முகட்டுக் கம்பில் சுற்றி, வெளியே இழுத்து முளையடித்தார்கள். லயத்துப் பையன்கள் ஒருமுறை பார்த்துவிட்டு அடுத்த வீட்டைத் தாங்களே கட்டினார்கள். மாலைக்குள் 41 வீடு.

நான் பெண்களோடு தேயிலைக் காட்டுக்குப் போனேன். அட்டைக்குக் காலில் புகையிலையும் உப்பும் தேய்த்துவிட்டார்கள். வேலை நடக்கும் தோட்டத்தில் செடி இடுப்பு உயரம் தாண்டாது. நாலைந்து வருடத்துக்கு ஒருமுறை கவாத்து வெட்டி, வாராவாரம் கொழுந்து எடுத்து மட்டம் வைத்திருப்பார்கள். விட்டுவிட்டால் தேயிலை மரமாகிவிடும். இங்கே பாதிக்காடு தலைக்கு மேல் நிற்கிறது. உள்ளே பன்றி இருக்கிறது, யானையும் வந்து போகிறது.

தோட்டத்தைக் கைவிட்ட பிறகு யூனியன்கள் கூடிக் காட்டை வீட்டுக்கு இவ்வளவு என்று பிரித்துவிட்டிருக்கிறார்கள். தன் பங்கில் எடுக்கிற கொழுந்தை விற்றுப் பிழைக்க வேண்டும். உரம் இல்லை, மருந்து இல்லை. என்னோடு வந்த அக்கா இரண்டு கையாலும் எடுத்தார். இரண்டு இலையும் ஒரு குருத்தும், ஒடிக்கும் சத்தம்கூடக் கேட்கவில்லை. விரல் நுனியெல்லாம் கறை ஏறிக் கறுத்துக் கிடக்கிறது. கல்யாணத்துக்கு மருதாணி வைத்தாலும் அதில் பிடிக்காது என்றார்.

மூன்று மணிக்குக் கொழுந்து வாங்கும் ஏஜென்டின் ஜீப் வந்தது. தராசில் மாட்டினார்கள். மழையில் நனைந்த இலை என்று ஈரக்கழிவு பிடித்தார். மழை எப்போதும் பெய்கிற மாதத்தில் கழிவும் எப்போதும்தானே. நாலரைக் கிலோ பச்சை இலை காய்ந்தால்தான் ஒரு கிலோ தூள் என்பது உண்மை. ஆனால் அந்தத் தூள் கடையில் என்ன விலைக்கு விற்கிறது என்று அந்த அக்காவுக்கும் தெரியும். ஒன்றும் பேசாமல் சீட்டை வாங்கி ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டார்.

திரும்பும் வழியில் பேக்டரி. சின்ன வயதில் நான் நின்ற இடத்துக்கே நடந்துபோய் நின்றேன். அப்போது வாட்டும் தட்டிலிருந்து பச்சை வாசனையும், அரைத்துப் புளிக்க வைத்த இடத்திலிருந்து பழவாசனையும், அடுப்புப் பக்கமிருந்து கருகல் வாசனையும் தனித்தனியாக வரும். பெரியம்மா கண்ணை மூடிக்கொண்டு எந்த வாசல் என்று சொல்லச் சொல்வார். இப்போது துருவும் வௌவாலும்தான். காலையில் பிரட்டுக்கு, அதாவது பேர் வாசித்து வேலைக்கு அனுப்பும் இடத்துக்கு, கூப்பிடும் சங்கைக் கழற்றி யாரோ பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்களாம்.

எல்லாம் ஒரே நாளில் விழவில்லை என்றார் அந்தப் பழைய யூனியன்காரர். 1991-ல் சோவியத் உடைந்தது, நம் தேயிலையை அள்ளிக்கொண்டிருந்த சந்தை அது. தொண்ணூறுகளின் கடைசியில் விலையும் சரிந்தது. 2000-லிருந்து பீர்மேட்டில் தோட்டங்கள் ஒன்றொன்றாக நின்றன. இந்தத் தோட்டம் கொஞ்ச காலம் ஓடும், நிற்கும், கைமாறும், மறுபடி ஓடும். நட்ட செடிகள் கிழடாகிவிட்டன, மாற்றி நட யாரும் பணம் போடவில்லை. கடைசி ஆட்கள் போகும்போது பல மாதச் சம்பளமும் பாக்கி, பிடித்த பி.எப். பணமும் கட்டப்படவில்லை.

ஞாயிறு

இன்றைக்கு நர்ஸ் அக்கா சிகிச்சை பார்ப்பதாக இருந்தது. பார்த்தார். மூட்டுவலி, மூச்சிரைப்பு, ரத்தச்சோகை, வெளியே சொல்ல முடியாமல் வருடக்கணக்கில் மறைத்த கர்ப்பப்பை இறக்கம். தோட்டத்து ஆஸ்பத்திரி பூட்டிக் கிடக்கிறது. பெரிய வியாதி என்றால் கோட்டயம் போக வேண்டும். பலர் பேச்சு புரியும் என்று கானாவிலக்கில் இருக்கும் தேனி மெடிக்கல் காலேஜுக்கே மலையிறங்குகிறார்கள்.

அவர் மேசைக்குப் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தேன். காத்திருந்த ஓர் ஆச்சி என் பையில் இருந்த பேனாவைப் பார்த்து, "நீ என்ன வேலை பாக்க தாயி?" என்றார்.

"கணக்கு எழுதுறேன் ஆச்சி."

உடனே எழுந்து போனார். கால் மணி நேரத்தில் ஒரு தகரப்பெட்டியோடு வந்தார். உள்ளே பிளாஸ்டிக் பைக்குள் பிளாஸ்டிக் பை. சம்பளச் சீட்டுகள், பி.எப். சீட்டு, ஓய்வு பெற்ற கடிதம். 31 வருட வேலை. 58 வயதில் நிறுத்தியபோது நாள் கூலி 301 ரூபாய். 2015-ல் மூணாறு தேயிலைத் தோட்டப் பெண்கள் போராட்டமாகத் தெருவில் உட்கார்ந்த பிறகு 232-லிருந்து ஏறிய கூலி அது. வேலையிலிருந்து நிற்கும்போது கம்பெனி தர வேண்டிய கிராஜுவிட்டி ஒரு பைசா வரவில்லை.

"எனக்கு எவ்வளவு வரணும்னு மட்டும் சொல்லு" என்றார்.

கணக்கு கடினமே இல்லை. 1972-ஆம் வருடச் சட்டம். ஒரு வருடத்துக்குப் பதினைந்து நாள் கூலி. 31 வருடத்துக்கு 465 நாள். அதை 301-ஆல் பெருக்கினேன். 1,39,965 ரூபாய். தாளில் எழுதி அடிக்கோடு போட்டுக் கொடுத்தேன்.

ஆச்சி அந்தத் தாளை வெகுநேரம் பார்த்தார். "இதையா வெளக்கமா சொல்ல முடியாதுன்னு சொன்னாங்க அன்னைக்கு?" என்றார். ஆபீசில் கேட்டபோதெல்லாம் கணக்கு பார்க்க வேண்டும், பெரிய கணக்கு, உனக்குப் புரியாது என்று சொல்லித் திருப்பியிருக்கிறார்கள். நான்காம் வகுப்புப் பிள்ளை போடும் பெருக்கல்.

அதற்குப் பிறகு என் மேசைக்கு முன்னால் வரிசை. ஒருவர் சொல்லி ஒருவர், மழையில் முந்தானைக்குள் பெட்டியை மூடிக்கொண்டு வந்தார்கள். கல்லூரிப் பிள்ளைகளையும் உட்காரவைத்தேன். பெயர், வேலைக்குச் சேர்ந்த தேதி, நின்ற தேதி, கடைசிக் கூலி, கையில் இருக்கும் ஆதாரம், இல்லாத ஆதாரம். ஒரு தாத்தா என்னிடம் குனிந்து, "எங்க காலத்துக் கணக்கப்பிள்ளை எல்லாம் எங்க பேர்ல குறைச்சு எழுதினான். நீ கொஞ்சம் கூட்டி எழுதும்மா" என்றார்.

"உள்ளதை உள்ளபடி எழுதுறேன் தாத்தா. உள்ளதே நிறைய இருக்கு" என்றேன்.

அவர் 34 வருடம். அவர் மனைவி 29.

இன்னொன்றும் அங்கே உட்கார்ந்துதான் புரிந்தது. ஓய்வுபெற்றவர்கள் ஏன் இந்த ஒழுகும் லயத்தை விட்டுப் போகவில்லை என்று எனக்கு ஒரு கேள்வி இருந்தது. வீட்டைக் காலி செய்தால்தான் கிராஜுவிட்டி என்று கம்பெனி சொல்லியிருக்கிறது. கிராஜுவிட்டி வந்தால்தான் இவர்களால் வெளியே இரண்டு சென்ட் மண் வாங்க முடியும். காலி செய்துவிட்டால் கையில் இருக்கும் ஒரே பிடியும் போகும். அதனால் முட்டுக் கொடுத்த சுவருக்குள் உட்கார்ந்திருக்கிறார்கள். பழக்கதோசம் என்று நினைத்தேன். அது அவர்களுடைய போராட்டம்.

மதியம் கட்டன் குடிக்கும்போது மூணாறு பற்றிப் பேச்சு வந்தது. கட்சியையும் யூனியனையும் ஒதுக்கிவிட்டுப் பெண்களே உட்கார்ந்து 20 சதவீதம் போனஸ் வாங்கிய கதை இங்கே எல்லோருக்கும் மனப்பாடம். நேற்று என்னோடு கொழுந்து எடுத்த அக்கா சொன்னார்: "டிவில பாத்து நாங்களும் அழுதோம். ஆனா அங்க உக்கார ஒரு ஆபீஸ் வாசல் இருந்துச்சு. உள்ள ஆள் இருந்தாங்க. நாங்க யார் வாசல்ல உக்கார?"

எனக்குப் பதில் தெரியவில்லை. யூனியன்காரர்தான் சொன்னார், தொழிலாளர் துறை அதிகாரியிடம் தனித்தனி மனுவாகப் போட்டு, அவர் இவ்வளவு என்று தீர்ப்பு எழுதினால், நிலவரிப் பாக்கி போல அந்தச் சொத்திலிருந்து வசூலிக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது என்று. இத்தனை வருடம் போடாதது ஏன்? கும்பலாகக் கையெழுத்துப் போட்ட மனுக்கள் போயிருக்கின்றன. ஆளுக்கு ஒரு கணக்கு எழுத யாரும் உட்காரவில்லை.

இருட்டும்வரை 63 பேர். நான் எழுதிய கணக்கில் இதைவிட முக்கியமானது இல்லை. மற்றவர்கள் இரவே ஊருக்கு இறங்கிவிட்டார்கள். நான் இன்னொரு நாள் இருக்கிறேன். ஒரு பெண்ணுக்காக.

திங்கள்

அந்தப் பெண் பிளஸ் டூவில் நல்ல மதிப்பெண். நர்சிங் படிக்க வேண்டும் என்கிறாள். சாதிச் சான்றிதழ் கிடைக்கவில்லை. பட்டியல் சாதி என்பதை 1950-ஆம் வருட ஆணைப்படி பார்க்கிறார்கள். அதற்கு முன்பே குடும்பம் இங்கே இருந்தது என்று காட்டினால்தான் கேரளத்தில் சான்றிதழ். தமிழ்நாட்டில் கேட்டால் நீ பிறந்தது கேரளம், அப்பா பிறந்ததும் கேரளம், அங்கே போய்க் கேள் என்கிறார்கள். லயத்தில் பிறந்து லயத்தில் செத்தவர்களுக்குப் பட்டா இருக்குமா, பத்திரம் இருக்குமா? பாட்டியின் பெட்டியில் இருந்த தோட்டத்துச் சீட்டுகளில் பழையதே 1968.

நேற்று ராத்திரி பாட்டி பேச்சுவாக்கில் சொன்னார், "உங்க தாத்தன் மூணாப்பு வரைக்கும் படிச்சவரு." அதைக் கேட்டதும் நான் எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.

தோட்டத்துப் பள்ளி இன்னும் நடக்கிறது. தமிழ் மீடியம், இருபதுக்கும் குறைவான பிள்ளைகள். காலையில் போனால் மழைக்காகக் கலெக்டர் விடுமுறை விட்டிருந்தார். தலைமையாசிரியர் வீடு இரண்டு வளைவு தள்ளி. குடையோடு வந்து திறந்துவிட்டார். அலமாரியின் அடித்தட்டில் சேர்க்கைப் பதிவேடுகள், மேலட்டை செல்லரித்து, உள்ளே மை பழுப்பாகி. மூன்று பேரும் பெஞ்சில் உட்கார்ந்து ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினோம். அவள் விரலை வைத்து வாசித்தாள். ஒரே ஊர்ப்பெயர்கள் திரும்பத் திரும்ப வந்தன. அப்பன் தொழில் என்ற கட்டத்தில் எல்லோருக்கும் ஒரே சொல், கூலி.

பதினொரு மணிக்குக் கிடைத்தது. சேர்ந்த வருடம் 1953. அவள் முகம் விழுந்துவிட்டது. மூன்று வருடம் பிந்தியது.

"பிறந்த தேதியைப் பாரு" என்றார் தலைமையாசிரியர்.

1122 துலாம் 8 என்று இருந்தது. கேரளத்துக் கொல்லம் வருடக் கணக்கு. துலாம் நம் ஐப்பசி. நான் 824-ஐக் கூட்டினேன். 1946 அக்டோபர். பக்கத்துக் கட்டத்தில் பிறந்த இடம்: இந்தத் தோட்டத்தின் பெயர், பழைய டிவிஷன் பெயரோடு.

அவள் எதுவும் சொல்லவில்லை. தாத்தாவின் பெயர் மேல் விரலை வைத்தபடியே இருந்தாள்.

தலைமையாசிரியர் அந்தப் பக்கத்தைப் பார்த்துத் தன் கையாலேயே நகல் எழுதி, முத்திரை குத்தி, இரண்டு பிரதி கொடுத்தார். ஒன்று வில்லேஜ் ஆபீசுக்கு, ஒன்று பெட்டிக்கு. ஏற்பார்களா என்று கேட்டேன். "மாட்டேன்னா எழுதிக் கொடுக்கச் சொல்லுங்க" என்றார்.

மாலை குமுளி பஸ்ஸில் எழுதுகிறேன். மடியில் 63 தாள்கள். புதன்கிழமை தட்டச்சு செய்ய ஆள் வேண்டும், மலையாளத்தில் மனு எழுதத் தெரிந்தவர்கள் வேண்டும். கம்பம், கூடலூர், குமுளியில் யாராவது இருந்தால் சொல்லுங்கள். அவள் நாளை காலை முதல் ஜீப்பில் வில்லேஜ் ஆபீஸ் போகிறாள். பாட்டியும் கூடப் போகிறாராம், தகரப்பெட்டியோடு.